மொத்தமாக வாங்குவதற்கு முன்: கடலூர் வணிக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரில் கடை, குடோன், மில், அச்சகம் வைத்து நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், வணிகர் சங்கப் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 பல பழைய பெட்டிகளில் ஏறாது. அதையொட்டி நம் ஊர் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து மொத்தமாகப் புதுக் கம்ப்யூட்டர் எடுத்துவிடலாம், எண்ணிக்கை கூடினால் விலை இறங்கும், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாக் கடைக்கும் வந்து மாட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்ட யோசனைதான். ஆனாலும் ஆர்டர் கொடுப்பதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். புதுப் பெட்டி விற்றால் எனக்கும் நாலு காசு நிற்கும். அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தள்ளிப்போடச் சொல்வதை, அப்படியே மறந்துவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லாரன்ஸ் ரோட்டிலும் முதுநகரிலும் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கடைகள் இருக்கின்றன. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்தது. எக்ஸ்பி ஓடும் இடங்கள்கூட உண்டு. அதன் கெடு 2014 ஏப்ரல் 8. "இத்தனை வருஷமா ஓடுது தம்பி, ஒரு தொந்தரவும் இல்லை" என்று முதலாளிகள் சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. ஓடத்தான் செய்கிறது. ஆதரவு முடிந்த மறுநாள் காலையில் எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுபோவதில்லை. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் கிடையாது.

2017 மே 12-ஆம் தேதி பரவிய வான்னாக்ரை வைரஸ் நினைவிருக்கிறதா? பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் தொடங்கி பக்கத்து ஆந்திராவின் போலீஸ் கம்ப்யூட்டர்கள் வரை கோப்புகளைப் பூட்டிப்போட்டு, திறந்துவிட 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வெளிவந்திருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஆதரவு முடிந்துபோயிருந்த எக்ஸ்பிக்கு, வைரஸ் பரவத் தொடங்கிய பிறகு விதிவிலக்காக ஒரு அப்டேட் வந்தது. அந்த விதிவிலக்கு அடுத்த தடவையும் வரும் என்று நம்பிக் கடை நடத்த முடியாது.

"நம்ம கடையில் திருட என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வைரஸ்காரனுக்கு உங்கள் கணக்கைத் திருடி விற்கும் அவசியமே இல்லை. பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவருக்கு யார் யார் எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்ற பேரேடு, உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தேவை. அவருக்குத் தேவை என்பதே போதும். பூட்டிவிட்டுக் காசு கேட்பான். அதுவும் முதலாளி வீட்டிலிருந்தே டேலி கணக்கு பார்க்க வேண்டும் என்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை ரவுட்டரில் திறந்துவிட்டு, கடைப் பெயரோடு 123 சேர்த்துப் பாஸ்வேர்டு வைத்திருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். இதைப் படித்ததும் யாருக்காவது சுருக்கென்றிருந்தால், இன்றைக்கே மாற்றுங்கள். அதற்குப் புதுக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

பாதுகாப்புப் பேச்சை ஒதுக்கி வைத்தாலும் வேலை நடக்க வேண்டுமே. விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் கூகுள் குரோம் 2023 தொடக்கத்தோடு கையை விரித்துவிட்டது. 109-ஆம் பதிப்புதான் கடைசி. ஜிஎஸ்டி தளம், இ-வே பில், வங்கித் தளம் எல்லாமே பிரவுசரை நம்பித்தான் இருக்கின்றன. டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனைச் செருகிக் கையெழுத்துப் போடும் இடத்தில் பழைய பிரவுசர் திக்கித் திணறுவதைத் தாக்கல் நாளில் அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆஃபீஸ் 2016, 2019 இரண்டின் கெடுவும் அதே அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆகவே மாறத்தான் வேண்டும். எந்த வரிசையில் என்பதுதான் என் பேச்சு.

கடையில் கம்ப்யூட்டர் என்பது தனியாக நிற்கும் பொருள் இல்லை. அதன் முதுகில் என்னென்ன தொங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் குனியுங்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலிருந்து வரும் கேபிள் எங்கே போகிறது? யுஎஸ்பி என்றால் நிம்மதி. அகலமான, இரண்டு பக்கமும் திருகு வைத்த 25 ஊசி பிளக் என்றால், இன்றைக்குக் கடையில் கிடைக்கும் புதுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் அதைச் செருக இடமே இருக்காது. எடை மேடையிலிருந்து வரும் ஒயர் 9 ஊசி சீரியல் பிளக்காக இருக்கும். அதுவும் இதே கதைதான். இதற்கெல்லாம் தனி கார்டு கிடைக்கும், மாற்றுக் கேபிளும் கிடைக்கும். ஆனால் மாற்றுக் கேபிள் எல்லாப் பிரிண்டருக்கும் ஒத்துவராது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராமிலிருந்து பிரிண்ட் கொடுக்கும்போது முக்கால்வாசி நேரம் காலை வாரும். வாங்கும் முன்பே கேட்டால் கார்டு போட இடமுள்ள பெட்டியாகப் பார்த்து எடுக்கலாம். கையடக்கமான சின்னப் பெட்டி அழகாக இருக்கிறதென்று மொத்தமாக எடுத்துவிட்டால், கார்டு போட உள்ளே இடமே இருக்காது.

அடுத்தது புரோகிராம். நம் மாவட்டத்தில் அரிசி மில், அடகுக் கடை, உரக்கடை, முந்திரி ஆலை என்று பல இடங்களில் உள்ளூர்க்காரர் யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பகுதி டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதியது. நீலத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் வேண்டாம், கை பழகினால் காற்று மாதிரி ஓடும். அதன் வேகத்தைப் பார்த்து நானே பொறாமைப்பட்டிருக்கிறேன். இந்த 16-பிட் புரோகிராம்கள் 32-பிட் விண்டோஸ் வரைதான் நேராக ஓடும். விண்டோஸ் 11-ல் 32-பிட் வகையே கிடையாது. நெல்லிக்குப்பம் பக்கம் ஓர் அடகுக் கடையில் மகன் ஆசையாகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து, பழைய ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து, ஐகானைத் தட்டினார். இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது என்று ஒரு நீலப் பட்டை வந்தது. நகை மீட்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சீட்டு எண்ணைப் போட்டு வட்டி பார்க்கக் கம்ப்யூட்டர் இல்லை. அன்றைக்குப் பரணில் ஏற்றியிருந்த பழைய பெட்டியை இறக்கித் துடைத்து மாட்டித்தான் கடை நடந்தது. டாஸ்பாக்ஸ் (பழைய டாஸைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம்) போன்ற ஒன்றுக்குள் வைத்து அதே புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டரிலும் ஓட்டலாம், பின்னர் அங்கே அப்படித்தான் செய்தோம். ஆனால் பிரிண்டரை அதோடு பழக்குவதற்குத்தான் நேரம் பிடித்தது. இதையெல்லாம் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது செய்யக் கூடாது.

விஷுவல் பேசிக் 6-ல் எழுதியவர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். அதில் எழுதிய புரோகிராம்கள் விண்டோஸ் 11-லும் ஓட மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருக்கிறது. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ரிப்போர்ட் அச்சடிக்கும் கருவியும், யாரோ எப்போதோ சேர்த்த துணைக் கோப்புகளும் ஓடுமா என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எழுதியவர் இப்போது சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவர் நம்பரைத் தேடிப் பிடிப்பது பெட்டி வாங்குவதை விட அவசரமான வேலை.

அச்சகக்காரர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாற்றத்தில் அதிகம் அடிபடப்போவது அவர்கள்தான். திருப்பாதிரிப்புலியூரிலும் புதுச்சேரியிலும் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் அடிப்பவர்களில் பலர் இன்னும் பக்கம் அமைக்கும் பழைய புரோகிராமான பேஜ்மேக்கர் 7-ல்தான் வேலை பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் பேஜ்மேக்கருக்கு அடுத்த பதிப்பே வரவில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு அதற்குத் தெரியாது. அதனால் தமிழ் எழுத்தெல்லாம் பழைய ஃபாண்ட்களின் தனித்தனிக் குறியீட்டில் இருக்கிறது. ஒரு ஃபாண்ட்டில் அடித்ததை வேறொன்றுக்கு மாற்றினால் 'திருமணம்' என்பது பூச்சி ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது; ஆனால் பட்டறையில் இருபது வருடப் பத்திரிகை மாதிரிகள் பழைய குறியீட்டில் கிடக்கும்போது அரசாணையை வைத்து என்ன செய்வது?

புது விண்டோஸில் பேஜ்மேக்கர் சில இடங்களில் திறக்கிறது, சில இடங்களில் பிரிண்ட் கொடுக்கும்போது மூடிக்கொள்கிறது. அதை நம்பி முகூர்த்த மாதத்தில் ஆர்டர் பிடிக்க முடியாது. வேறு வழி என்றால், பேஜ்மேக்கருக்குப் பதிலாக வந்த இன்டிசைன். அதிலும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத் தெரிந்த கடைசிப் பதிப்பு சிஎஸ்6. இப்போது சந்தா கட்டி வாங்கும் இன்டிசைனுக்கு அது தெரியாது. எழுத்தை மட்டும் எடுத்து என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்றதில் யூனிகோடாக மாற்றலாம். மாற்றிய பிறகு 'ஸ்ரீ', 'க்ஷ', ஒற்றை மேற்கோள் குறி, தொலைபேசி எண் நடுவில் வரும் கோடு ஆகியவற்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். அங்கேதான் எழுத்து மாறும். மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி போனால் என்ன நடக்கும் என்று அச்சகக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் யோசனை இதுதான்: பழைய மாதிரி அத்தனையையும் மாற்ற உட்காராதீர்கள். அதிகம் கேட்கப்படும் சிலவற்றை மட்டும் புதிதாக யூனிகோடில் அமைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்குப் பழைய கம்ப்யூட்டரை இன்டர்நெட் இல்லாமல் ஓர் ஓரத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பிடிஎஃப் மட்டும் பென் டிரைவில் வரட்டும்.

அப்புறம் நெட்வொர்க். கல்லாவில் புதுக் கம்ப்யூட்டர், உள்ளே கணக்கர் மேசையில் பழைய எக்ஸ்பி, டேட்டா பழையதில். இரண்டையும் கேபிளில் இணைத்தால் புதியது பழையதைப் பார்க்காது. காரணம், எக்ஸ்பி பேசும் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை இப்போதைய விண்டோஸ் தானாக நிறுவுவதில்லை. உடனே யாராவது ஒரு பையன் வந்து யூடியூப் பார்த்து அதை ஆன் செய்து கொடுப்பான். ஷேர் வேலை செய்யும். அவனுக்கு டீயும் கிடைக்கும். வான்னாக்ரை பரவியதே அந்த எஸ்எம்பி 1 வாசல் வழியாகத்தான். புதுப் பெட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு, பழைய கதவையும் திறந்து வைத்த மாதிரி ஆகும். டேட்டா முதலில் புதுக் கம்ப்யூட்டருக்கு இடம் மாற வேண்டும், பழையது அதற்குப் பிறகு கேபிளைக் கழற்றிக்கொள்ள வேண்டும்.

இனி, உங்களிடம் இருக்கும் பெட்டியே போதுமா என்று பார்ப்போம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் எழும்போதே நம்பகமில்லாத புரோகிராமைத் தடுக்கும் வசதி), குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். நடைமுறையில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் (பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு) இல்லாமல் போடாதீர்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். அது 2017-ல் வெளிவந்தது. "ஐ5 சிஸ்டம் சார்" என்று சொல்லி விற்பவரிடம் அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. பெயர் ஒன்றுதான், முன்னதில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. செகண்ட் ஹேண்டில் வரும் மலிவுப் பெட்டிகளில் பல முன்னது வகை. எஸ்எஸ்டி போட்டுவிட்டால் அது விறுவிறுவென்று திறக்கும், பார்ப்பவருக்குப் புதுசு மாதிரியே தெரியும். தகுதி மட்டும் வராது. இதற்கு நேர்மாறாக, எட்டாம் தலைமுறைப் பெட்டியையே தகுதி இல்லை என்று கழித்துக்கட்டுகிறார்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அங்கே அதை ஆன் செய்தால் அதே பெட்டி ஏற்றுக்கொள்ளும். உங்களில் எத்தனை பேர் இப்படிப் புதுசே வாங்கத் தேவையில்லாதவர்கள் என்பது கணக்கெடுக்காமல் யாருக்கும் தெரியாது. மொத்த ஆர்டரை நான் தடுப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

காசு கட்டி அவகாசம் வாங்கும் வழியும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு நிறுவனங்கள் முதல் வருடம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர் கட்டினால் பாதுகாப்பு அப்டேட் தொடரும். அடுத்த வருடம் அது இரட்டிப்பு, அதற்கடுத்த வருடம் மறுபடி இரட்டிப்பு. மூன்று வருடத்தோடு சரி. கூட்டிப் பார்த்தால் 427 டாலர். அந்தக் காசுக்குப் பெட்டியே வந்துவிடும். நடுவில் சேர்ந்தால் விட்ட வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. ஒரே ஒரு விலை உயர்ந்த இயந்திரம் விண்டோஸ் 10-ஐ விட்டு நகர மறுக்கிறது என்றால், அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் இது சரி. மற்றவர்களுக்கு வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கென்று மலிவான திட்டம் ஒன்று தனியாக உண்டு. அதைக் கடைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது அதற்காக வந்ததில்லை.

தகுதியில்லாத பெட்டியில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். ஏற்ற முடியும்தான். அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்டேட்டுக்காக மாறிவிட்டு அப்டேட்டே நிச்சயமில்லாத இடத்தில் போய் உட்காருவதில் என்ன லாபம்? இதோடு சேர்ந்து வருவது கிராக், அதாவது உரிமம் வாங்காமல் ஓட்டும் திருட்டு வழி. ஆன்டிவைரஸை முதலில் அணையுங்கள் என்றுதான் அதன் முதல் வரியே இருக்கும். பூட்டைக் கழற்றி வையுங்கள், உள்ளே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவன் வாசலில் நின்று சொன்னால் விடுவீர்களா?

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பிரவுசரும் மெயிலும் மட்டுமே பார்க்கும் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு தாராளமாகப் போதும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தில், சென்னையில் உருவான பாஸ் லினக்ஸும் இருக்கிறது. பழைய பெட்டியிலும் நன்றாக ஓடும், செலவு கிடையாது. டேலி ஓடும் பிரதான கம்ப்யூட்டருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்ட வைக்கலாம், மார்ச் கடைசியில் நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

இப்போது நாள் குறிப்பது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாக் கடையும் என்ற யோசனை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் கை ஓய்ந்திருக்கும் மாதம் வேறு. துறைமுகத்தில் மீன் ஏலம், ஐஸ், வலை வியாபாரம் செய்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. முந்திரிக்காரர்களுக்கோ அதே சமயத்தில்தான் சரக்கு வந்து குவியும், அவர்களைத் தொடவே கூடாது. அச்சகம், கல்யாண மண்டபம், பாத்திரக் கடைக்கு ஆடியும் மார்கழியும் ஓய்வு. ஜவுளிக்கு ஆடியில் தள்ளுபடிக் கூட்டம் நெரியும். அவர்கள் வேறு மாதம் பார்க்க வேண்டும். மார்ச் பதினைந்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை யாருக்கும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய மாதமும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் எந்தக் கடைக்குமே வேண்டாம் என்பது என் பிடிவாதம். அந்த மாதங்கள் தாண்டி 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகே எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று எல்லோருக்கும் தெரியும். 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த தண்ணீரும் வேறு. பழையதைப் பாதி கழற்றி, புதியதைப் பாதி மாட்டிய நிலையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் எதுவும் கைக்கு உதவாது. புதுப் பெட்டி வந்ததும் அதைத் தரையில் வைக்காமல் மேசை உயரத்துக்கு ஏற்றுங்கள். பேக்கப்பில் ஒரு பிரதி கடையை விட்டு வெளியே, முடிந்தால் மாடி வீட்டில் இருக்கட்டும். பேக்கப் எடுத்தோம் என்று சொல்பவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, போன வருடம் ஆகஸ்டில் போட்ட ஏதாவது ஒரு பில்லை எடுத்துக் காட்டுங்கள். காட்ட முடிந்தால் அது பேக்கப்.

மாற்றும் வரிசையும் முக்கியம். கணக்கு ஓடும் பிரதான கம்ப்யூட்டரைக் கடைசியில் தொடுங்கள். லெட்டர் அடிக்கும் கம்ப்யூட்டர், இரண்டாவது கல்லா என்று ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள். புதியதில் மூன்று பில் போட்டுப் பார்க்க வேண்டும்: உள்ளூர்க்காரருக்கு ஒன்று, புதுச்சேரிக்காரருக்கு ஒன்று, சரக்குத் திரும்பி வந்ததற்கு ஒன்று. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கு இங்கிருந்து வண்டி போக அரை மணி நேரம்தான், ஆனால் பில்லில் அது வெளிமாநிலம். நம்முடைய ஜிஎஸ்டி எண் 33-ல் தொடங்கும், அவர்களுடையது 34. வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி சரியாக விழுகிறதா, தமிழில் சரக்குப் பெயர் சரியாக அச்சாகிறதா, ரூபாய்க் குறி கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வருகிறதா என்று காகிதத்தில் பாருங்கள். திரையில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் பதினொன்றாம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, இருபதாம் தேதி 3பி இரண்டையும் புதுக் கம்ப்யூட்டரிலிருந்தே ஒரு தடவை போட்டு முடிக்கும் வரை பழையதைக் கலைக்கக் கூடாது.

கலைத்த பிறகும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்தந்த வருட ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பழைய டேட்டா புதியதில் முழுசாகத் திறக்கிறது என்று நிச்சயமாகும் வரை பழைய பெட்டி, நெட் கேபிள் இல்லாமல், இருக்கட்டும். உள்ளே இருக்கும் வட்டப் பேட்டரியை மாற்றி வையுங்கள். அது செத்துப்போனால் ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதி எங்கோ பின்னால் போய் நிற்கும். அப்படியே பில் போட்டால் அது வேறு தலைவலி.

சங்கத்தாரிடம் என் கோரிக்கை இதுதான். மொத்தமாகப் பெட்டி வாங்குவதற்கு முன், மொத்தமாகக் கணக்கெடுங்கள். ஒரே புரோகிராமை முப்பது நாற்பது கடைகள் பயன்படுத்தும் இடங்கள் இருக்கின்றன. அதை எழுதியவரிடம் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் நின்றால் ஆளுக்கொரு விலை சொல்வார், நேரமும் தரமாட்டார். சங்கமே கூப்பிட்டுப் பேசினால், விண்டோஸ் 11-ல் ஓடும்படி ஒரே தடவை மாற்றித் தருவதற்கு ஒரே விலை பேசலாம். இரண்டாவதாக, விண்டோஸ் 11 போட்ட ஒரே ஒரு கம்ப்யூட்டரை வாங்கிச் சங்கக் கட்டடத்தில் வையுங்கள். யாருக்குச் சந்தேகமோ அவர் தன் புரோகிராமையும் பிரிண்டரையும் டோக்கனையும் தூக்கிக்கொண்டு வந்து அதில் போட்டுப் பார்க்கட்டும். அந்த ஒரு பெட்டியின் விலை, நாற்பது கடைகளில் வரக்கூடிய நஷ்டத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. சனிக்கிழமை மாலைகளில் நான் வந்து உட்காருகிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம். விலை பேசும்போது மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள், அதில் நான் ஒரு பக்கத்துக்காரன் ஆகிவிடுவேன்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு தாள் எழுதிக் கொண்டு வாருங்கள். எந்தக் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ், அதில் பிராசஸர் எண் என்ன, என்ன புரோகிராம் ஓடுகிறது, எழுதியவர் யார், உங்கள் தொழிலில் கை ஓயும் மாதம் எது என்று இருந்தால் போதும். விண்டோஸ் பதிப்பு தெரியாவிட்டால், விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் ஆங்கிலத்தில் வின்வெர் என்று அடித்தால் காட்டும். பிரிண்டர், எடை மேடை வைத்திருப்பவர்கள் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு எடுத்தால் எனக்கு உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன்